ஃபார்மேட் அடித்தபின் தமிழை மறுபடி கொண்டுவருவது: எக்ஸ்பி முதல் 11 வரை ஒரு டிடிபி கடையின் அனுபவம்

ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி இயங்குதளம்) போட எவ்வளவு நேரமாகும் என்று சர்வீஸ் கடையில் கேட்டால் அரை மணி நேரம் என்பார்கள். எஸ்எஸ்டி இருந்தால் அது உண்மைதான். ஆனால் அதே கணினியில் மறுபடி ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து, புரூஃப் எடுத்து, வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற நிலைக்கு வர ஒன்றிரண்டு நாள் ஓடிவிடும். ஃபாண்ட் போகும், கீபோர்டு போகும், பிரிண்டர் போகும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். ஆவணி, தை மாதங்களில் முகூர்த்தத் தேதி நெருங்கும்போது இப்படி ஆனால் அந்த வாரமே போனது மாதிரி.

கும்பகோணத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கும்பாபிஷேகம், கருமாதிப் பத்திரிகைகள், கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகள், நோட்டீஸ் எல்லாம் எங்கள் வேலை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இதே மேசை. எந்தப் பதிப்பு அழகாக இருக்கிறது, எது வேகமாகத் திறக்கிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புதிதாக இன்ஸ்டால் செய்தபின் தமிழ் வேலை எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது?

2001-இல் வெளிவந்த எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடும் (ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற பொது முறை) லதா எழுத்துருவும் உண்டு. ஆனால் இன்ஸ்டால் ஆனவுடன் அவை வேலை செய்யாது. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய், லாங்குவேஜஸ் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். சிடி கீறலாகி இருந்தால் அதோடு நின்றுவிடும். இதைச் செய்யாமல் வெளியிலிருந்து ஒரு யூனிகோடு எழுத்துருவை மட்டும் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். அன்றைக்கு நிறையப் பேர் 'கம்ப்யூட்டரில் தமிழ் சரியாக வராது' என்று முடிவு கட்டியதற்கு அந்த டிக் போடாத கட்டம் ஒரு பெரிய காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நாங்கள் அப்போது யூனிகோடில் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருள் யூனிகோடு அறியாதது. பிற எழுத்துகளுக்கான எண்களிலேயே தமிழ் வடிவங்களை அடக்கிய எட்டு பிட் எழுத்துருக்கள்தான் எங்கள் சோறு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று குறியாக்கங்கள் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒழுங்கு) தரப்படுத்தப்பட்டன. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியாக்கம் வைத்திருந்தது. எழுத்துருக் கோப்பு தொலைந்தால் அதில் அடித்த மொத்த வேலையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திரையில் தெரியும். கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க முடியாது. ஒரு கோயிலின் பழைய மலரை மறுபதிப்புக்காக எடுத்துவந்து, திறந்து பார்த்து, அந்தக் குப்பையைக் கண்டு முகம் வாடிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் டாங்கிள் வேறு. காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள், கணினியின் பின்புறம் பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டோடு வந்தது. ஓஎஸ் மாற்றினால் பூட்டுக்கான டிரைவரை மறுபடி போட வேண்டும். அடுத்த விண்டோஸ் வந்தபோது அந்த டிரைவர் ஒத்துழைக்கவில்லை. அடுத்து வாங்கிய கணினியில் பேரலல் போர்ட்டே இல்லை. விற்ற நிறுவனத்துக்கு போன் அடித்தால் புதிய பதிப்பை முழு விலைக்கு வாங்கச் சொன்னார்கள். நேர்மையாகக் காசு கொடுத்தவன் தெருவில் நிற்க, திருட்டுப் பிரதி வைத்திருந்தவன் எந்தத் தடங்கலும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விண்டோஸ் 7 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டால் செய்தவுடன் தமிழ் யூனிகோடு தானாகத் தெரிந்தது, லதாவும் விஜயாவும் உள்ளேயே இருந்தன. என் அனுபவத்தில் நிம்மதியான காலம் அதுதான். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு நின்றது.

இடையில் ஒரு விஷயம். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. கடைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனதில்லை. 'அண்ணே, இன்னொன்னு வருதே, அதத் தூக்கிட்டு ஃபுல்லா விண்டோஸே போட்டுருங்கண்ணே' என்பார்கள். யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதில் தமிழ் அடிக்கக் காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

விண்டோஸ் 10-இல் வந்த மாற்றம்தான் டிடிபிக்காரர்களை அதிகம் அலைக்கழித்தது. லதா, விஜயா இரண்டும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்ற கூடுதல் வசதிக்குள் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காமல் சுத்தமாக இன்ஸ்டால் செய்த கணினியில் நிர்மலா யுஐ மட்டும்தான் தமிழுக்கு இருக்கும். ஒரு மாணவி முந்நூறு பக்க ஆய்வேட்டை லதாவில் அடித்து வேர்ட் கோப்பாகக் கொண்டுவருகிறார். இங்கே திறந்தால் தமிழ் நன்றாகவே தெரிகிறது. ஆனால் லதா இல்லாததால் வேறு எழுத்துரு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரி உடையும் இடம் மாறி, அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவி, பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் பிசகியிருக்கும். கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்திருந்தால் உடனே பிடித்திருப்போம். இது சரியாக இருப்பது போலவே இருப்பதால் பைண்டிங் முடிந்தபிறகுதான் தெரியவரும். ஆகவே புதிதாக ஓஎஸ் போட்டவுடன் நான் செய்கிற முதல் வேலை: செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழ் எழுத்துருக்களை இறக்குவது. அதற்கு இணையம் வேண்டும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, சர்வீஸ் பையன்களுக்கே தெரியாதது. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் ஒரு எழுத்துருவை இருமுறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், அது அந்தப் பயனருக்கு மட்டும் சேர்கிறது. பொதுவான ஃபாண்ட்ஸ் கோப்புறைக்குப் போவதில்லை. வேர்டில் தெரியும், பழைய வடிவமைப்பு மென்பொருள்களின் பட்டியலில் தெரியாது. 'ஃபாண்ட் போட்டாச்சு, ஆனா வரல' என்று எங்கள் தொழிலில் பாதிப் பேர் தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான். வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்தால் தீர்ந்தது.

கீபோர்டு தனிக்கதை. விண்டோஸில் நீண்ட காலம் உள்ளேயே இருந்த தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட். எங்கள் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்தவர்களின் விரல் வேறு திசையில் பழகியது. தமிழ்99 விசைப்பலகையை அரசு 1999-இலேயே ஏற்றுக்கொண்டது, ஆனால் விண்டோஸுக்குள் அது வந்தது 10-இன் பிந்தைய பதிப்புகளில்தான். அதுவரைக்கும், ஏன் இன்றைக்கும், என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற இலவசக் கருவிகள்தான் தட்டச்சுக்காரர்களைக் காப்பாற்றுகின்றன. அவற்றை எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்தத் தொழில் பெரிய கடன் பட்டிருக்கிறது. ஓஎஸ் பென்டிரைவோடு கூடவே இன்னொரு பென்டிரைவில் அந்த இன்ஸ்டாலர்களும், எழுத்துருக் கோப்புறை முழுவதும், பிரிண்டர் டிரைவரும் இருக்க வேண்டும். கடையில் இந்த இரண்டாவது பென்டிரைவைத்தான் நான் பூட்டி வைப்பேன்.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'டி டிரைவ்ல இருக்கறத தொடமாட்டோம்' என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இருப்பது சி டிரைவில். என் வாடிக்கையாளர் ஒருவரின் கணினியை ஒரு கடையில் கேட்காமலேயே ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த அவருடைய அப்பாவின் கையெழுத்துப் பிரதி, பாதிக்கு மேல் தட்டச்சு செய்தது, போய்விட்டது. முந்நூறோ நானூறோ ரூபாய் கூலிக்குள் ஒரு கேள்வி கேட்க நேரமில்லையா? பேக்கப் எடுத்தாயிற்றா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, அவர் வாயால் 'எடுத்தாச்சு' என்று வரும்வரை பென்டிரைவைச் செருகக்கூடாது. இது தொழில் தர்மம்.

அப்டேட் பற்றி இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் மாதாந்திரப் பாதுகாப்பு மேம்பாடுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே நம் ஊர்க் கணினிகள் மறுநாள் புதன்கிழமையிலிருந்துதான் ரீஸ்டார்ட் கேட்க ஆரம்பிக்கும். அந்த வாரத்தில் அவசர வேலை இருந்தால் முன்கூட்டியே அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். அதிகபட்சம் ஐந்து வாரம் அனுமதிக்கிறது. ஆக்டிவ் ஹவர்ஸில் கடை நேரத்தைக் குறித்துவைத்தால் வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆகாது.

அடியோடு நிறுத்திவிடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஓட்டையை அடைக்கும் மேம்பாடு அதே ஆண்டு மார்ச் 14-லேயே வெளிவந்துவிட்டது. போடாமல் விட்ட கணினிகள் மாட்டின. அதே சமயம், அப்டேட்டைக் கண்டு பயப்படுகிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். 2018 அக்டோபரில் வந்த பெரிய மேம்பாடு சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்ததால், சில நாட்களிலேயே அதன் விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில் திருத்தி மறுபடி விட வேண்டியிருந்தது. ஆகவே மாதாந்திரப் பாதுகாப்பு மேம்பாட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுகிறேன், ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பைச் சில மாதங்கள் தள்ளிப் போடுகிறேன், இரண்டுக்கும் முன்னால் வேலைக் கோப்புகளை வெளி ஹார்டுடிஸ்கில் எடுத்துவிடுகிறேன். பெரிய பதிப்புக்குப் பிறகு பழையதற்குத் திரும்ப பத்து நாள்தான் அவகாசம். அதனால் அந்தப் பத்து நாளுக்குள் எல்லா பிரிண்டரிலும் ஒரு தமிழ்ப் பக்கம் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கதவிலேயே ஆளை நிறுத்துகிறது. டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் தொடங்கும்) வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். இதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகை அடிக்க இன்னும் பத்து வருடம் உழைக்கக்கூடிய கணினிகள் எங்கள் மாதிரிக் கடைகளில் நிறைய இருக்கின்றன.

புதிய மடிக்கணினிகளில் வேறு சிக்கல். இன்ஸ்டாலரில் வைஃபை டிரைவர் இல்லாவிட்டால், இணையத்தோடு சேர் என்று கேட்கும் பக்கத்தில் நின்றுவிடும், அடுத்த பொத்தான் மங்கியே இருக்கும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் போதும், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது. சில இன்டெல் மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியே பட்டியலில் வராது. டிஸ்க் போய்விட்டது என்று பயப்படவேண்டாம். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் வந்துவிடும். இவற்றைவிட முக்கியமானது டிஸ்க்கைப் பூட்டும் என்க்ரிப்ஷன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பயாஸை மேம்படுத்தினாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும், ஆனால் கணக்கை உருவாக்கிக் கொடுத்தது விற்ற கடைக்காரர் என்றால் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. மடிக்கணினி வாங்கிய அன்றே அந்தச் சாவியைத் தாளில் அச்சடித்து பில்லோடு வைக்கச் சொல்கிறேன், எங்கள் கடையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன், காசு வாங்குவதில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு மேம்பாடுகள் பெற வழி கொடுத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது கடையில் என் ஏற்பாடு இதுதான்: புதிய கணினியில் 11, யூனிகோடு வேலை எல்லாம் அதில். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்கென்று ஒரு பழைய கணினி, இணைய இணைப்பு அறவே கிடையாது, டாங்கிள் அதன் முதுகில்தான் இருக்கிறது. 11 ஏற்க மறுத்த கணினியில் லினக்ஸ் மிண்ட் போட்டிருக்கிறேன். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 வருகிறது, லிப்ரே ஆபீஸில் யூனிகோடு தமிழ் பிசகாமல் நிற்கிறது, கடைப் பையன் இரண்டே வாரத்தில் பழகிவிட்டான். பழைய கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டரை அது தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. கலர் பிரிண்டருக்குத்தான் லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை, அது கிடைக்கும்வரை பிடிஎஃப் ஆக்கி அடுத்த மேசைக்கு அனுப்பி அடிக்கிறோம்.