சிறு விமானத்துக்கு முன்கண்ணாடி மாற்றப் போகிறவர்கள் கவனத்திற்கு

மினசோட்டாவில் நாங்கள் மூவர் சேர்ந்து வைத்திருக்கும் செஸ்னா 172 சிறு விமானத்துக்குக் கடந்த ஜூலையில் புதிய அக்ரிலிக் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) முன்கண்ணாடி பொருத்தக் கொடுத்தோம். பக்கவாட்டு ஜன்னலை உரிமையாளரான விமானியே மாற்றிக்கொள்ள அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. முன்கண்ணாடிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே பணிமனையை நம்பினோம். நான்கு நாள் கேட்டவர்கள் இரண்டாம் நாளே வேலையை முடித்துவிட்டார்கள். அன்று விமானத்துக்குள் வினிகர் வாடை அடித்ததை நான் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் தவறு.

டிசம்பரில், வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கிய ஒரு காலையில், கீழ் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. குளிரில் ஹீட்டரை முழுதாகத் திறந்திருப்பீர்கள் என்று பணிமனைக்காரர்கள் பழியை என்மேல் போட்டார்கள். அன்று நான் எஞ்சினையே இயக்கவில்லை.

வேறொரு மெக்கானிக், கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பிடித்திருக்கும் உலோகக் கீழ்ப்பட்டையைக் கழற்றிக் காட்டினார். புதிய முன்கண்ணாடி சற்றுப் பெரிதாகவே வரும். அதை விமானத்தின் சட்டகத்தில் வைத்துப் பார்த்துச் சிறிது சிறிதாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். இவர்களோ கீழ்ப்பக்கத்தை வெட்டாமல், மிஞ்சியதைப் பட்டைக்குள் திணித்து, ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்கும் உலோக ஆணிகளை) அக்ரிலிக்கின் ஊடாகவே இறுக்கமாக அடித்திருந்தார்கள். வெப்பநிலை 50 டிகிரி குறைந்தால் ஒரு மீட்டர் அக்ரிலிக் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினியமோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் சுருங்கும். நகர இடமில்லாத விளிம்பு துளையருகே பிளந்துவிட்டது. விளிம்புக்கு மெத்தையாக ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கட்டட வேலைக்கான சிலிக்கான் பூசப்பட்டிருந்தது; அது இறுகும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலத்தால் அலுமினியத்தில் வெண்மையான அரிப்பும் தொடங்கியிருந்தது. நான் முகர்ந்த வாடை அதுதான்.

பராமரிப்புப் பதிவேட்டில் "முன்கண்ணாடி மாற்றப்பட்டது" என்ற ஒரு வரியும் கையெழுத்தும் மட்டுமே இருந்தன. மெக்கானிக்கின் சான்றிதழ் எண்கூட இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

கீழ்ப்பட்டைக்கு ரிவெட் அடிக்கும் முன் நேரில் வந்து பார்ப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விளிம்பைச் சுற்றி இடைவெளி உள்ளதா, ஃபெல்ட் புதியதா, எந்தப் பசையைப் பயன்படுத்துகிறார்கள், அசிட்டோனோ பெட்ரோலோ கொண்டு துடைக்கிறார்களா என்று கேளுங்கள். அவ்விரு திரவங்களும் அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். ஏற்கெனவே மாற்றியவர்கள், முதல் கடுங்குளிருக்கு முன்பே ரிவெட் வரிசை நெடுகச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் வெளிச்சத்தில் மின்னும்.