சாட்ஸ்வொர்த் கூரையில் பதினோரு வருட டிஷ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நம்ம பாஷை சேனல் போடச் சொல்லேன்மா." அவர் இங்கேயே பிறந்தவர். தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் சீரியலில் யார் யாரைக் கெடுக்கிறார்கள் என்பது அத்துப்படி.

வீடு பள்ளத்தில் இருக்கிறது. பழைய ஏரியலில் இந்த நாட்டுப் பொது ஒளிபரப்பான எஸ்ஏபிசியின் 1, 2, 3 சேனல்கள் எல்லாமே இரட்டை இரட்டையாய்த் தெரியும். மாதச் சந்தா டிஷ் மாட்டியதும் அதே சேனல்கள் பளிச்சென்று வந்தன. காரணம், ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் ஆணையமான இகாசா 2008-இல் போட்ட விதி: சந்தா டிவி நடத்துபவர்கள் எஸ்ஏபிசி சேனல்களைக் காட்டியே ஆக வேண்டும். ஊரில் கேபிள்காரர் தூர்தர்ஷனை விட முடியாதே, அதே கதை. முதலில் இதற்காக எஸ்ஏபிசிக்குக் காசு கிடையாது. 2021-இல் திருத்தி, பேரம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். கட்டாயமும் உண்டு, பேரமும் உண்டு. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

தமிழ் அந்த விதிக்குள் வராது. அதற்குத் தனிப் பேக், தனிக் காசு. டிவி லைசென்ஸ் வருடத்துக்கு 265 ராண்ட், மாதச் சந்தா, அதற்கு மேல் தமிழ். ஒரு தடவை பேக்கை மாற்றப் போய், பணம் கட்டியும் நாலு நாள் தமிழ் வரவில்லை. போன் போட்டால் பாட்டுதான் கேட்டது. அந்த நாலு நாளும் மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செலவைக் குறைக்கப் பின் அறையில் ஓபன்வியூ என்ற இலவச சாட்டிலைட் டிவி பெட்டி வைத்தோம். ஒரு தடவை வாங்கினால் போதும், சந்தா இல்லை. எஸ்ஏபிசி, இங்கத்துத் தனியார் சேனலான ஈடிவி நன்றாகவே வருகின்றன. தமிழ் சீரியல் இல்லை என்பதால் அந்த அறைக்கு மாமியார் போவதில்லை.

டிஷ் உழைத்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் வருடம் படம் கட்டம் கட்டமாய் உடைந்தது. ரிசீவர் போய்விட்டது என்று பயந்தேன். மேலே ஏறிப் பார்த்த பையன், டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியின் முனையில் பச்சை பூத்திருந்த கனெக்டரைக் கழற்றிக் காட்டினான். கடல் காற்று. புதிது மாட்டி ரப்பர் டேப் சுற்றினான், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் முதல் நாளே அந்த டேப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மழைக்கு மட்டும் மருந்தில்லை. தைப்பூசச் சமயம் இங்கே கோடை. சாயங்காலம் வானம் இடிந்து கொட்டும். விதியில் வந்த சேனல், காசு கொடுத்த சேனல் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். "ஓடிப்போச்சு படம்" என்று மாமியார் அடுப்படி ரேடியோவில் இங்கத்து இந்தியர்களுக்கான லோட்டஸ் எஃப்எம் போட்டுவிட்டு, கீரை ஆய உட்கார்ந்துவிடுவார்.