கிட்டார் ஆம்ப்பைத் தூக்கி வைப்பதா, சாய்த்து வைப்பதா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டில் பழகுவதற்கும் கல்யாண வரவேற்பு, கோயில் விழா மேடைகளில் வாசிப்பதற்கும் நான் வைத்திருப்பது பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 என்ற ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி. 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, எடை 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கையில் ஆம்ப், தோளில் கிட்டார் என்று பஸ்ஸில்கூட ஏறிவிடலாம். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது அந்த ஆம்ப்பைப் பற்றி இல்லை. அதை எந்த உயரத்தில் வைக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்க வைக்கிறோம் என்பதைப் பற்றி. பெடல், கேபிள், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) என்று காசு போட்டு மாற்றிய எதையும்விட என் சத்தத்தை அதிகம் மாற்றியது இதுதான். செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு.

தரையில் வைத்த சின்ன ஆம்ப்பில் ஸ்பீக்கரின் நடுப்பகுதி முக்கால் அடி உயரத்தில் இருக்கும். நின்று வாசிப்பவரின் காது ஐந்தே கால் அடியில் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஸ்பீக்கர் பார்க்கும் திசைக்கும் நம் காதுக்கும் நடுவே 30 டிகிரிக்கு மேல் விலகல். கீழ் சுரங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல். அது எல்லாப் பக்கமும் பரவிவிடும். 3000 ஹெர்ட்ஸ் அலையோ வெறும் 11 சென்டிமீட்டர். ஸ்பீக்கரின் கூம்பைவிட அலை சிறியதாகும்போது சத்தம் விரியாமல் டார்ச் வெளிச்சம்போல நேராகப் பாயும். 12 இஞ்ச் ஸ்பீக்கரில் 1000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே இந்தப் போக்கு ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியென்றால் தரையில் இருக்கும் ஆம்ப்பின் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் சத்தம், போவது நம் முழங்காலுக்கு. அதைத் தாண்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முகத்துக்கு. வாசிப்பவருக்கு மந்தமாகக் கேட்பதால் அவர் ட்ரெபிளை ஏற்றுவார், வால்யூமையும் ஏற்றுவார். ஸ்பீக்கருக்கு நேரெதிரே மைக் வைத்த சவுண்ட்காரருக்கு அந்தக் கூர்மை முழுதாகக் கேட்கும். உடனே “அண்ணே, கிட்டார் காதைக் குத்துது, கொஞ்சம் குறைங்க” என்று குரல் வரும். மேடையில் நடக்கும் கிட்டார் சண்டைகளில் பாதிக்கு மேல் இதனால் வருவதுதான் என்பது என் கணிப்பு.

முதலில் செய்தது, வீட்டில் ஒரு முக்காலியின் மேல் ஆம்ப்பைத் தூக்கி வைத்தது. ட்ரெபிள் உடனே தெளிந்தது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவைப் போட்டால் தேனீக்கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல் இருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. ட்ரெபிள் குமிழைக் கணிசமாக இறக்க வேண்டியிருந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. சத்தத்தில் இருந்த சதை போய்விட்டது. கார்டு (பல சுரங்கள் சேர்ந்த கொத்து) வாசித்தால் மெல்லிய தந்திகள் மட்டும் மினுங்கின, அடியில் பிடிப்பு இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள். தரையை ஒட்டி இருக்கும்வரை கீழ் சுரங்களுக்குத் தரை ஒரு துணையாக இருக்கிறது. கீழே போக வேண்டிய சத்தமும் மேலேதான் வருகிறது. தூக்கியதும் அந்தத் துணை குறைகிறது. இரண்டாவதுதான் சுவாரசியமானது. தூக்கி வைத்த ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு நேரே ஒரு சத்தம் வருகிறது, தரையில் பட்டு இன்னொன்று கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஸ்பீக்கர் 70 சென்டிமீட்டர் உயரத்திலும் காது இரண்டு மீட்டர் தள்ளி 1.6 மீட்டர் உயரத்திலும் இருந்தால் இரண்டு பாதைகளுக்கும் வித்தியாசம் சுமார் 86 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 200 ஹெர்ட்ஸ் அருகே அவை ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடுகின்றன. மூன்றாவது தந்தியை அமுக்காமல் மீட்டினால் வரும் ஜி சுரம் 196 ஹெர்ட்ஸ்! கிட்டாரின் நெஞ்சே அங்கேதான் இருக்கிறது. மேடையில் விரிக்கும் ஜமுக்காளம் இதற்கு உதவாது, அது ட்ரெபிளைத்தான் கொஞ்சம் குடிக்கும்.

ஆம்ப் தரையிலேயே இருந்தால் அதே கணக்கில் சத்தம் தின்னப்படும் அந்தப் பள்ளம் 600 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுகிறது. பள்ளம் இல்லாமல் போவதில்லை, ஆனால் சத்தத்தின் சதை தப்பிவிடுகிறது. ஆகவே அடுத்து, தரையிலேயே வைத்து முன்பக்கத்தின் அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். பேஸ், அதாவது கீழ் சுரங்களின் கனம், அப்படியே நின்றது, ட்ரெபிள் காதுக்கு வந்தது. எனக்குத் தேவைப்பட்டது இதுதான். தூக்குவதும் சாய்ப்பதும் ஒன்றுதான் என்று பலரும் பேசுகிறார்கள். ட்ரெபிளுக்கு வேண்டுமானால் அது சரி. பேஸுக்கு இரண்டும் வேறு வேறு.

பெரிய கம்பெனிகளுக்கு இது புதிய விஷயமே இல்லை. 1960-களிலேயே ஃபெண்டர் தன் ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்ப்களின் பக்கவாட்டில் பின்னால் சாய்க்கும் குரோம் கால்களை வைத்துவிட்டது. வாக்ஸ், கேபினெட்டை (ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டியை) திருப்பிச் சாய்க்கும் வண்டி ஸ்டாண்டுகளைக் கொடுத்தது. மார்ஷலின் 1960ஏ என்ற மாடல் கேபினெட்டில் மேல் பாதி மட்டும் சரிந்திருக்கும். ஸ்பீக்கர் நான்கும் நேராகப் பார்க்கும் 1960பி-க்குப் பக்கத்தில் நின்று வாசித்தால் வித்தியாசம் தானாகவே புரியும். தெருவில் வாசிப்பவர்களுக்காக வந்த ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட்டின் பெட்டியே சாய்ந்த வடிவம்தான். இந்த வசதியெல்லாம் மற்ற சின்ன ஆம்ப்கள் பலவற்றுக்கு ஏன் வருவதில்லை என்பது எனக்குப் புரியாத கேள்வி. தரைக்கு அருகே கிடப்பவை அவைதானே.

மரக்கட்டை வீட்டுக்குச் சரி, மேடைக்கு ஆகாது. யாராவது கால் இடறினால் ஆம்ப் குப்புற விழும். கடைகளில் மடக்கும் சாய்வு ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன. எனக்கு உயரம் அதிகம் வேண்டாம் என்பதால் தெரு முனையிலிருந்த கிரில் பட்டறையில் எல் ஆங்கிள் கம்பியை வெட்டி வெல்டு வைத்துச் செய்துகொண்டேன். தரையிலிருந்து நாலு விரல் உயரம், சுமார் 25 டிகிரி சாய்வு, கால்களில் நாற்காலிக்குப் போடும் ரப்பர் புஷ். சாய்த்ததும் எடை பின்பக்கம் போகும் என்பதால் பின்கால்களை ஒரு சாண் கூடுதலாக நீட்டச் சொன்னேன். அதைச் செய்யாத ஸ்டாண்டுகளைப் பார்த்திருக்கிறேன், தொட்டாலே ஆடும். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) தனியாக மேலே உட்காரும் ஆம்ப் என்றால் பெல்ட் போட்டுக் கட்டாமல் சாய்க்கவே கூடாது.

இதில் எதிர்பாராத லாபம் பலகை மேடைகளில் கிடைத்தது. விழாக்களுக்குப் போடும் மேடை உள்ளே வெறும் காலி, மேலே பலகை. ஆம்ப் நேராக அதன்மேல் உட்கார்ந்தால் மேடையே சேர்ந்து பாடும். கீழ் சுரங்களில் சில மட்டும் வீங்கிக் கேட்கும். ஸ்டாண்டின் ரப்பர் கால்கள் அதைக் கொஞ்சம் துண்டிக்கின்றன. ஸ்பிரிங் ரிவெர்ப் (ஸ்பிரிங்கை அதிரவைத்து எதிரொலி தரும் அமைப்பு) உள்ள வால்வு ஆம்ப்பை வாடகைக்கு எடுக்கும் நாட்களில் இது இன்னும் முக்கியம். டான்ஸ் ஆடுபவர்கள் குதிக்கும்போது ஸ்பிரிங் அதிர்ந்து உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் வரும். ஸ்டாண்டில் வைத்தால் குறைகிறது, முழுசாக நிற்பதில்லை.

குறைகளும் உண்டு. காதைப் பார்க்கும் ஆம்ப், கிட்டாரின் பிக்கப்பையும் பாடகரின் மைக்கையும் பார்க்கிறது. கெயினை (உள்ளே வரும் சத்தத்தைப் பெருக்கும் அளவை) அதிகமாக வைத்து நேரெதிரே நின்றால் ஃபீட்பேக், அதாவது சத்தம் சுற்றிச் சுற்றி வந்து கீச்சிடுவது, முன்பைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆம்ப்பை மேடையின் ஓரத்தில் வைத்து குறுக்காகத் திருப்பிவிடுகிறேன். பாடகரின் மைக் அந்த நேர்க்கோட்டிலிருந்து தப்பிவிடும். அகூஸ்டிக் கிட்டாரில் பிக்கப் வைத்து வாசிக்கும் நண்பர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கிட்டாரின் வயிறே ஆம்ப்பின் சத்தத்தை வாங்கி ஊளையிடும். தாழ்வான கான்கிரீட் கூரை உள்ள அறைகளில் சாய்த்த சத்தம் மேலே பட்டுத் திரும்பி வருவதால், அங்கே சாய்வைக் குறைத்து இரண்டடி பின்னால் போய் நிற்பதுதான் எடுபடுகிறது.

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இதைப் பார்த்துத் தங்கள் ஆம்ப்பையும் நாற்காலியில் ஏற்ற வேண்டாம். அவர்களுடைய கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அலை எட்டு மீட்டருக்கு மேல். ஏற்றினால் தரையின் துணை போவதுதான் மிச்சம்.

இப்போது என் வழக்கம் இப்படி: மேடையில் தரையோடு ஒட்டிய சாய்வு. வீட்டில் ராத்திரி மெதுவாக உட்கார்ந்து பழகும்போது மட்டும் முக்காலி, ஏனென்றால் அப்போது காதும் தாழ்ந்துதான் இருக்கிறது, பேஸ் குறைவது கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லது. ட்ரெபிள் குமிழ் முன்பு இருந்த இடத்திலிருந்து பாதிக்கு வந்துவிட்டது. மேடையில் வால்யூமும் இறங்கியிருக்கிறது. எனக்கே தெளிவாகக் கேட்பதால் மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களுக்காக வைக்கும் ஸ்பீக்கரில்) கிட்டார் வேண்டும் என்று சொல்வதில்லை. டோனைச் சரிசெய்வது எப்போதும் ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்துத்தான். அங்கே குத்தாமல் இருந்தால் முன்வரிசையிலும் குத்தாது.

ஸ்டாண்டில் ரப்பர் புஷ்களை இரண்டொரு முறை மாற்றினேன். கம்பியில் பெயின்ட் உரிந்து துரு தெரிகிறது. மடங்காது என்பதுதான் பெரிய குறை, ஆட்டோவில் ஆம்ப்பைவிட அதிக இடத்தை அதுதான் பிடிக்கிறது. அடுத்தது செய்யும்போது பின்கால்களுக்குக் கீல் வைத்து மடக்கும்படியும், சாய்வை இரண்டு நிலைகளில் மாற்றும்படியும் பட்டறையில் கேட்கப்போகிறேன்.