கூலன்ட் சென்சார் மேல் சந்தேகமா? ஸ்கேனரா, மல்டிமீட்டரா, நேரே மாற்றிவிடுவதா?

காலையில் சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. மெக்கானிக்கிடம் போனால் வரும் பதில்: “கூலன்ட் சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்.” இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளந்து சொல்வது இந்த சென்சார். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கனெக்டரில் களிம்பு ஏறினாலும், எலி வயரைக் கடித்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். சென்சாரை நம்ப முடியாத இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), இன்ஜின் சூடேறிவிடக் கூடாதே என்று ஃபேனை ஓடவிட்டுவிடும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க நம் கையில் இருப்பவை மூன்று வழிகள். டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பல கார்களில் 80 டிகிரிக்கும் 100க்கும் இடையே வெப்பம் எப்படி ஆடினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சின்னக் கார்கள் சிலவற்றில் அந்த முள்ளும் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான்.

என் ஓட்டு ஸ்கேனருக்கு. கோளாறுகளைப் படிப்பதற்காகக் காரில் இருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகி போனோடு இணைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பிழைக் குறியீட்டைப் படிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது பாதி வேலைதான். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னையில் விடியற்காலை என்றால் இரண்டும் 28, 29 என்று ஒட்டி வர வேண்டும். காற்று 29, கூலன்ட் 9 என்று காட்டினால் குளிரில் கிடக்கும் இன்ஜின் என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த அளவு பிசகுக்குச் செக் இன்ஜின் விளக்கு எரியாமலே கூடப் போகலாம். நம் ஊர் வெயிலில் ஸ்டார்ட் ஆவதிலும் சிரமம் தெரியாது. மைலேஜ் குறைவதும் ஸ்பார்க் பிளக் கறுப்பதும்தான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஸ்டார்ட் செய்து எண் ஏறுவதைக் கவனியுங்கள். சீராக ஏற வேண்டும். 62இலிருந்து திடீரென மைனஸ் 40க்கு விழுந்து மறுபடி 63க்கு வந்தால், வயரிலோ கனெக்டரிலோ தொடர்பு விட்டு விட்டு வருகிறது. அபூர்வமாக சென்சாருக்குள்ளேயே இருக்கலாம். மைனஸ் 40 என்பது சுற்று அறுந்திருக்கும்போது இசியு காட்டும் எண். அப்போது வரும் குறியீடு பி0118. அதன் விளக்கத்தில் ‘ஹை’ என்று பார்த்துவிட்டு இன்ஜின் ஓவர்ஹீட் என்று பயப்படுபவர்கள் உண்டு. கூடியது வோல்டேஜ், சூடு அல்ல. ஷார்ட் ஆனால் பி0117, வெப்பம் தாறுமாறாக 130க்கு மேல் காட்டும்.

இங்கேயே காசில்லாத ஒரு சோதனையும் இருக்கிறது. ஸ்கேனர் ஓடும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள்: மைனஸ் 40 வர வேண்டும். கனெக்டரின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள்: எண் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியுவும் சரி, பழி சென்சார் மேல். இரண்டு பின் உள்ள சென்சாருக்கு மட்டும்தான் இது. மூன்று, நான்கு பின் இருந்தால் கை வைக்காதீர்கள்.

மல்டிமீட்டர் அப்புறம்தான் வருகிறது. ஓபிடி இல்லாத பழைய கார் என்றால் அதுவே கதி. கனெக்டரைக் கழற்றி சென்சாரின் இரு பின்களில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) பாருங்கள். சூடு ஏற ஏற இது குறையும். பரவலாக இருக்கும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அருகே. உங்கள் காருக்கான சரியான அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் மீட்டர் காட்டுவது அந்த ஒரு நொடியின் அளவை மட்டும். மேடு பள்ளத்தில் அதிர்ந்து விட்டுப்போகும் தொடர்பு, நிற்கிற காரில் சிக்காது. சென்சார் இன்ஜினின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் கார்களில் அதன் பின்களைத் தொடுவதே பெரும்பாடு.

நேரே மாற்றுவது? சென்சார் விலை குறைவு என்பதால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். விலை குறைந்த போலி சென்சாரைப் போட்டு, பழையது சரியாக இருந்த இடத்தில் புதிதாகப் பிசகு வாங்குவதும் நடக்கிறது. கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 குறியீடு வந்திருந்தால், முதலில் ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டை சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்: நெடுஞ்சாலையில் 85 இருக்க வேண்டியது 65க்கு இறங்கினால், அது திறந்த நிலையில் சிக்கியிருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. கூலன்ட் அளவு குறைந்து, சென்சார் முனை காற்றில் நின்றாலும் எண் கோணலாகும்.

சோதிக்காமல் மாற்றலாம் என்று நான் ஒத்துக்கொள்வது ஒரே இடத்தில்: கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே கூலன்ட் ஈரம் தெரிந்தாலோ, சென்சார் உடம்பில் விரிசல் இருந்தாலோ. அங்கே மீட்டர் என்ன சொன்னாலும் அது போய்விட்டது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, புது வாஷருடன் போட்டு, குறைந்த கூலன்ட்டை நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டு, மறுநாள் காலை ஸ்கேனரில் கூலன்ட், காற்று இரண்டின் எண்களையும் திரும்பப் பாருங்கள்.