ராட்டர்டாமில் மூன்று நாட்கள்

1940 மே 14 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் நகரின் மையப்பகுதி அழிந்துபோனதால், நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆம்ஸ்டர்டாமின் பழமையைத் தேடுவோர் ஏமாறக்கூடும். எனக்கோ அதன் புதுமையே மிகவும் பிடித்திருந்தது. 2014இல் திறக்கப்பட்ட மார்க்தால் சந்தையில், குதிரை லாட வடிவக் கூரையின் உட்புறமெங்கும் பழங்களும் காய்களும் பிரம்மாண்ட ஓவியமாக விரிந்திருக்க, அதன் கீழே நின்று, மொறுமொறுப்பான மாவுக்குள் ஆவி பறந்த கிப்பலிங் மீன் துண்டுகளைப் பூண்டு சாஸில் தோய்த்து உண்டேன். ஒரு கடையில் வாங்கிய, நடுவே பாகு வைத்த மெல்லிய வட்ட இனிப்பான ஸ்ட்ரூப்வாஃபல் மட்டும் ஆறி இறுகியிருந்தது. கண்ணெதிரே சுட்டுத் தரும் இடத்தில் வாங்குவதே நல்லது. அருகிலேயே, பீட் ப்ளோம் வடிவமைத்த சாய்ந்த கனசதுர வீடுகளில் ஒன்றினுள் சென்று பார்க்கலாம், ஆனால் படிகள் செங்குத்தானவை என்பதால் முதியோர் கவனமாக ஏற வேண்டும். எராஸ்முஸ் பாலத்தை நடந்தே கடந்து, ஒருகாலத்தில் ஹாலந்து-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் தலைமை அலுவலகமாக இருந்த நியூயார்க் ஹோட்டலை அடைந்து, அங்கிருந்து நீர்த்துளிகள் முகத்தில் தெறிக்கப் படகு டாக்ஸியில் திரும்பிய அந்த மாலைக்காகவே இன்னொரு முறை செல்வேன்.