தந்தை செல்வாவைக் கட்டாகத் தைத்துக் கொடுத்த கடை

தருமபுரி நாலு ரோடு பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்த ஜெராக்ஸ், பைண்டிங் கடைக்கு நான் பழைய வாடிக்கை. வக்கீல் குமாஸ்தா என்பதால் கேஸ் கட்டுக்குத்தான் போவேன். இந்த முறை சொந்த வேலை. இலங்கையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம், அதாவது தந்தை செல்வா பற்றி, ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலக இணையதளத்தில் இறக்கிய பழைய பிரசுரங்கள். செல்போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை.

அவர் பேர்போன சிவில் வக்கீல், என் ஈடுபாடே அதனால்தான். இலங்கையில் ஆட்சி மாறும் இடத்தில் எல்லாம் கலர் தாள் செருகச் சொன்னேன்: ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பச்சை, சுதந்திரக் கட்சிக்கு நீலம், அவர்கள் கொடி நிறப்படி. கடைக்காரத் தம்பி சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் பச்சை தீர்ந்துபோய், ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் 1965 ஆட்சிக்கு ரோஸ் தாள் வைத்துவிட்டார். கேட்டிருந்தால் வாங்கியே கொடுத்திருப்பேன்.

மற்றபடி வேலை சுத்தம். மங்கலான ஸ்கேனைக் கருப்பேற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, தையலில் வரி மாட்டாதபடி ஓரம் விட்டிருக்கிறார். காலிகோ துணி முதுகு, நூல் தையல். விரித்து வைத்தால் மூடிக்கொள்வதில்லை.

தாள் செருகிய பிறகுதான் அந்த மனிதர் பட்ட பாடு கண்ணில் படுகிறது. 1957 ஜூலையில் சுதந்திரக் கட்சிப் பிரதமர் பண்டாரநாயக்காவோடு தமிழர் உரிமைக்காக ஒப்பந்தம். அடுத்த ஏப்ரலில் அவரே கைவிட்டார். 1960 மார்ச்சில் வந்த டட்லி அரசு ஒரே மாதத்தில் நாடாளுமன்றத்தில் தோற்றது, ஜூலை வரைதான் இருந்தது, அந்தப் பகுதி ரொம்ப மெல்லிசு. 1965-இல் அதே டட்லியோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. எங்கள் கோர்ட்டில் ராஜி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்படி நழுவ முடியுமா? நிறைவேற்றுதல் மனு போட்டு இழுத்துவிடுவோம். 1972-இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து எம்.பி. பதவியை விட்டார், அவர் தொகுதியான காங்கேசன்துறையில் இடைத்தேர்தல் நடந்தது 1975 பிப்ரவரியில். இரண்டு வருஷத்துக்கு மேல் வாய்தா! அப்போது பார்க்கின்சன் நோயால் குரலும் தளர்ந்திருந்தது. அப்படியும் ஜெயித்தார்.

நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் நண்பர் புரட்டிப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு செட் கேட்டார். அதற்குப் பச்சைத் தாள் சரியாக விழுந்தது.

காசு மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், தையலுக்குத் தரலாம். முகூர்த்த மாதத்தில் மட்டும் போகாதீர்கள். பத்திரிகை வேலையில் நம் கட்டு மேசைக்கு அடியில் போய்விடும்.