வேலையோடு பட்டம்: அஞ்சல்வழியா, திறந்தநிலையா, இணையவழியா?

வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு: வழக்கமான பல்கலைக்கழகங்களின் தொலைதூரக் கல்விப் பிரிவு, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் போன்ற இணையவழிப் பட்டம். பெரும்பாலோர் கட்டணத்தையும் பெயரையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: சேர்ந்த நாளுக்கும் தேர்வு நாளுக்கும் நடுவில் மாணவரை யார் கவனிக்கிறார்கள்?

முதல் வழிதான் நமக்குப் பழக்கமானது. மதுரை காமராசர், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்புகளில் பட்டம் வாங்கி முன்னேறிய ஆசிரியர்களும் எழுத்தர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் இந்தப் பிரிவு வருமானம் தரும் துறையாகவே நடத்தப்பட்டது. புத்தகக் கட்டு வரும், அப்புறம் ஹால் டிக்கெட் வரும். நடுவில் ஒன்றும் இருக்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிகள், கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4-க்கு 3.01 புள்ளியையோ தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் ஓர் இடத்தையோ தொலைதூரப் படிப்பு நடத்தத் தகுதியாக்கியது சரியான திருத்தம்தான்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரக் கல்விக்கென்றே பிறந்தவை. இக்னோ 1985 நாடாளுமன்றச் சட்டத்தில் உருவானது. தமிழ்நாட்டுக்கானது 2002-இல் வந்தது. இக்னோவில் பொதுவாக ஒப்படைப்புக்கு (வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்ட்) 30, தேர்வுக்கு 70 விழுக்காடு மதிப்பெண். மூன்று ஆண்டு பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை இழுத்து முடிக்கலாம். பிரசவம், இடமாற்றம், கடன் என்று நடுவில் நிற்க வேண்டியவர்களுக்கு இந்த அவகாசம் பெரிய விஷயம். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவருக்கு அங்கேதான் தடுக்கிறது. தமிழிலேயே பாடநூல் தரும் மாநிலப் பல்கலைக்கழகம் அதனால்தான் முக்கியமாகிறது. இரண்டிலும் பலவீனமான கண்ணி படிப்பு மையம்தான். வார இறுதியில் ஏதோ ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர் நடத்தும் வகுப்பு. வருவோர் குறைந்தால் அதுவும் நின்றுவிடும். எழுதித் தயாராக விற்கப்படும் ஒப்படைப்புகளை வாங்கி, பார்த்து எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. அப்படியானால் அந்த 30 மதிப்பெண் எதை அளக்கிறது?

சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய படிப்பு இந்த ஓட்டையை நேராக அடைக்கிறது. ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். சில வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். வாராவாரம் ஒப்படைப்பு, மையத்துக்குப் போய் நேரில் எழுதும் தேர்வு. பாதியில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். செலவு லட்சங்களில்தான், ஆனால் வருமானம் குறைந்தோருக்கும் பட்டியலினத்தவருக்கும் 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. முழுக்க ஆங்கிலம், அதோடு கணிதம். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு வாராந்தரக் கெடு கடுமையானதுதான். ஆனாலும் அந்தக் கெடுதான் படிக்க வைக்கிறது என்பேன்.

என்னைக் கேட்டால், தொலைதூரக் கல்வியின் எதிர்காலம் இந்த இரண்டும் சேர்வதில் இருக்கிறது: தமிழில் பாடம், கூடவே ஐஐடி பாணியில் வாராந்தரக் கண்காணிப்பு. இதைச் செய்யவேண்டியது மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நிரந்தர ஆசிரியர்களை நியமிக்காமல் அது நடக்காது. அதற்கான பணத்தை மாணவர் கட்டணத்திலிருந்தே எடுக்கச் சொல்வது நியாயமும் ஆகாது.

அதுவரை? கணினி வேலைக்கு மாற நினைப்பவர், ஆங்கிலம் சமாளிக்க முடிந்தால் ஐஐடி பக்கம் போகலாம். தமிழ்வழியில் வந்தவருக்கு மாநிலத் திறந்தநிலை. அடிக்கடி ஊர் மாறுபவருக்கு நாடு முழுக்க மையம் உள்ள இக்னோ. எதுவானாலும், சேரும் ஆண்டுக்கும் அந்தப் பாடத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். அனுமதி உள்ள பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இலேயே அறிவித்துவிட்டது. அரசு வேலை குறியென்றால் இன்னொன்று: பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009-இல் ஆணை போட்டிருக்கிறது. பணம் கட்டும் முன்பே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.